நான் ஓடாத ஆயிரத்து இருநூறு மீட்டர்

போன மாதம் செல்வி என்ற பெண் எனக்குப் போன் செய்தாள். நான் வேலை பார்த்த அதே ரயில்வே கேங்கில் இப்போது தண்டவாளப் பராமரிப்புக்குச் சேர்ந்திருக்கிறாளாம்.

"பால்சாமி அண்ணன்தான? ட்ரெயினிங்ல ஒங்களப் பத்திப் பாடம் எடுத்தாகண்ணே. கொளுத்துற வெயில்ல ஆயிரத்து இருநூறு மீட்டர ஆறரை நிமிசத்துல ஓடி வண்டிய நிப்பாட்டுன கீமேன்னு ஒங்க பேரு போட்ட தாளக் காட்டுனாக. எப்பிடிண்ணே ஓடுனீக? என்ன சாப்புடுவீக?"

நான் அப்போது கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த முட்டிகளால்தான் ஓய்வு பெறும் வயதுக்கு ஆறு வருடம் முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். "மோருத்தா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போனை வைத்த பிறகு மனது கேட்கவில்லை. அந்தத் தாளில் இருப்பது என் பெயர்தான். கால் என்னுடையது அல்ல. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பத்தாவது வரை படித்ததால் எழுத வரும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். செல்வி இதைத் தன் கேங்கில் வாசித்துக் காட்டட்டும்.

எனக்குச் சொந்த ஊர் பாளையம்பட்டி. பார்த்த வேலை கீமேன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் ஆறேழு கிலோமீட்டர் தண்டவாளம் என் பொறுப்பு. தினமும் அதன் மேலே நடந்து, கழன்ற கிளிப்பை அடித்து இறுக்கி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். பேச வேண்டாத வேலை. தண்டவாளம் பதில் கேட்காது. எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலையைக் கடவுளே தேடினாலும் கிடைத்திருக்காது.

சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்கும்போதெல்லாம் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்படியும் ஒரு பாடம் மண்டையில் ஏறிவிட்டது. லைனில் ஆபத்தைக் கண்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கொடியை நட வேண்டும். இன்னொரு சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டே, வண்டி வரும் திசையை நோக்கி ஓட வேண்டும். அறுநூறு மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடியை வைத்து மடக்கிக் கட்ட வேண்டும். ஆயிரத்து இருநூறு மீட்டரில், பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று வெடி. சக்கரம் ஏறினால் அது வெடிக்கும். கொடியைக் கவனிக்காத டிரைவருக்கும் அந்தச் சத்தம் கேட்கும். வேகமாக வரும் வண்டி பிரேக் போட்ட உடனே நிற்காது. அதனால்தான் அவ்வளவு தூரம்.

கோடையில் இந்தப் பாடத்துக்கு வேலை அதிகம். வெயிலில் இரும்பு நீளும். நீள இடமில்லாமல் போனால் பக்கவாட்டில் நெளிந்துவிடும். தண்டவாளத்தில் ஒட்டி வைக்கும் வெப்பமானி ஒன்று உண்டு. அது குறித்த அளவைத் தாண்டினால், உச்சி வெயிலில் லைனைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆள் போக வேண்டும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் நேரத்தில் நாங்கள் நடப்போம். வெயில் மேலிருந்து அடிப்பது பாதிதான். மீதி கீழே ஜல்லியிலிருந்து வரும். பேன்ட்டுக்குள் புகுந்து ஏறும். சட்டைப் பையில் நாலு சின்ன வெங்காயம் போட்டுக்கொள்வோம். சூடு தாக்காதாம். வீடு திரும்பும்போது வெங்காயம் வெந்த வாசனை வரும். நான் எந்த அளவுக்கு வெந்தேன் என்பதை என் மனைவி அந்த வாசனையை வைத்தே சொல்லிவிடுவாள்.

இந்த நடைக்குக் கொண்டுபோக வேண்டிய பொருள்களுக்குப் பட்டியல் உண்டு. கொடிகள், சுத்தியல், தண்ணீர், பத்து வெடிகள் உள்ள தகர டப்பா. எல்லாவற்றையும் கொண்டுபோவேன், டப்பாவைத் தவிர.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு வெடிமருந்தும் வெயிலும் சேர்ந்தாலே பத்தடி தள்ளி நிற்கத்தான் தோன்றும். என் சித்தி மகன் பட்டாசு வேலைக்குப் போனவன். சித்திரை மாதத்தில் சில நாள் பத்து மணிக்கே வீடு திரும்பிவிடுவான். கேட்டால், "இன்னைக்கு வெயிலு சரியில்லண்ணே, மருந்து கோபமா இருக்கும்" என்பான். அவன் சொன்னது என் காதில் தங்கிவிட்டது. ரயில்வே வெடி வேறு, அது தகரத்துக்குள் பத்திரமாக இருக்கும், சக்கரம் நசுக்கினால்தான் வெடிக்கும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நம்பினேன். ஆனால் இடுப்பு நம்பவில்லை. டப்பா வெயிலில் காய்ந்து, இடுப்பில் சுட ஆரம்பித்தால் எனக்கு நடையே மாறிவிடும்.

அதனால் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். என் பகுதி தொடங்கும் இடத்தில் தண்ணீர் ஓடாத சின்னப் பாலம் ஒன்று இருந்தது. அதற்கடியில் ஒரு கல் இடுக்கில், ஈரச் சாக்கைச் சுற்றி டப்பாவை வைத்துவிட்டு நடப்பேன். திரும்பும்போது எடுத்து மாட்டிக்கொள்வேன். ஒன்பது கோடை இப்படி. ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

இந்த லைனில் எனக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. அவள் பெயர் ராக்கு. லைனுக்கு மேற்கே இருக்கும் ஊர்க்காரி, என் வயதுதான் இருக்கும். அறுபது ஆடு வைத்திருந்தாள். கரையோரத்தில்தான் கொஞ்சம் புல் இருக்கும் என்பதால் ஆட்டை லைன் பக்கமே ஓட்டிக்கொண்டு வருவாள். விரட்டுவது என் வேலை. அதை நான் செய்யும் லட்சணம் எப்படி என்றால், தூரத்தில் நின்று பச்சைக் கொடியைச் சுருட்டி ஆட்டுவேன். சத்தம் போட வராது.

"லைன்காரரே, ஆட்ட வெரட்டுறீகளா, ஈ ஓட்டுறீகளா?" என்பாள்.

நான் கொடியை அக்குளில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவேன். எங்கள் பகை அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். நாம் எங்கே இருக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதை அது அலுவலகத்துக்குக் காட்டிக் கொடுக்கும். நான் அதை ஆரஞ்சு மேல்சட்டையில் குத்தி வைத்திருந்தேன்.

அதே சமயம்தான் சுகந்தி மேடம் எங்கள் பகுதிக்குப் பொறியாளராக வந்தார். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். என்னைவிட இருபது வயது இளையவர். எங்களை எல்லாம் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அதற்கு முன்பிருந்த அதிகாரிகள் டிராலியில் வந்து, உட்கார்ந்தபடியே திட்டிவிட்டுப் போவார்கள். இவர் இறங்கி, ஜல்லியில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தோடு கன்னத்தை வைத்துப் பார்ப்பார். தறியில் ஒரு இழை தொய்ந்தால் தெரிவதுபோல் அவருக்குத் தெரிந்துவிடும். "பதினாறாவது கம்பத்துக்கிட்ட இடது பக்கம் லேசா வாங்கியிருக்குண்ணே" என்பார். போய்ப் பார்த்தால் தண்டவாளம் அங்கே நூலளவு விலகியிருக்கும்.

திட்ட மாட்டார். தப்பு நடந்திருந்தால் ஒரு கேள்வி கேட்பார். "கிளிப்பு எப்பக் கழண்டுச்சு?" நாம் ஏதாவது சொல்வோம். எழுதிக்கொள்ள மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியை அதே மாதிரி கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது குரல் இன்னும் இறங்கியிருக்கும். அப்போது உண்மை தானாக வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுப்பார். எங்கள் மேஸ்திரி, "ஏலே, இந்தம்மா அடிச்சாக்கூடத் தாங்கிக்கலாம்டா" என்பார்.

இனி அந்த நாள்.

வைகாசி. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வழக்கம்போல் டப்பாவைப் பாலத்தடியில் வைத்துவிட்டு, திருச்சுழி பக்கமாக நடந்தேன். காற்று இல்லை. எதிரே தண்டவாளம் கானலில் மிதந்தது. ஒரு கிலோமீட்டர் போல நடந்திருப்பேன். கானலில் தண்டவாளம் நெளிவதுபோல் தெரிவது தினப்படி விஷயம். கிட்டே போகப் போக நேராகிவிடும். அன்று கிட்டே போயும் நேராகவில்லை. இரண்டு தண்டவாளமும், கீழே இருக்கும் கான்கிரீட் கட்டைகளோடு சேர்ந்து, ஒரு பக்கமாக வளைந்து மறுபடி திரும்பியிருந்தன. ஜல்லி விலகிக் கிடந்தது. இருபத்தைந்து வருட வேலையில் அப்படி ஒன்றை அப்போதுதான் பார்க்கிறேன்.

முதலில் எனக்கு வந்த நினைப்பு, 'யாராவது வந்து பார்த்தால் நன்றாயிருக்கும்' என்பது. அப்புறம்தான் பார்க்க வேண்டியவன் நான்தான் என்பது உறைத்தது.

திருச்சுழி பக்கமிருந்து ஒரு பயணிகள் வண்டி வரும் நேரம். போனை எடுத்தேன். வெயிலில் அது சூடேறித் திரை கருத்துச் செத்திருந்தது. கருவியில் அவசரப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினேன். எங்கோ ஒரு அலுவலகத்தில் விளக்கு எரியும். அவர்கள் பார்த்து, திருச்சுழி ஸ்டேஷனுக்குச் சொல்வதற்குள் வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியிருந்தால் அதை நிறுத்த வழியில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஒரு சிவப்புக் கொடியை ஜல்லியில் நட்டேன். இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். அறுபது மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் கம்பங்களில் மூன்றைத் தாண்டியதும் பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது.

டப்பா இல்லை.

நான் நின்றேன். பின்னால் ஒரு கிலோமீட்டரில் வெடி. முன்னால் எங்கோ வண்டி. இரண்டு முட்டியும் அப்போதே வலித்தன. சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி பக்கம் பத்து அடி, பாலத்துப் பக்கம் பத்து அடி என்று, பேருந்து நிலையத்தில் எந்த பஸ் என்று தெரியாதவன் மாதிரி திரும்பித் திரும்பி நின்றேன்.

அப்போதுதான் ராக்கு கண்ணில் பட்டாள். கரைக்குக் கீழே, சீமைக் கருவேல நிழலில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் சிவப்புக் கொடியை ஆட்டிக் கூப்பிட்டேன். அவள் சட்டென்று எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு தள்ளிப் போனாள். நான் கிட்டே ஓட, அவள் இன்னும் தள்ளிப் போனாள்.

"போறேன்யா, போறேன்! இம்புட்டு நாளாப் பச்சக் கொடி, இன்னைக்கென்ன செவப்பு? கேசு போடப் போறீகளோ?"

"ஆட்டுக்கு இல்லத்தா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாழ்க்கையில் கத்தியிருந்தால்தானே வரும்? "ஏத்தா, நில்லு! வண்டி வருது! லைனு நெளிஞ்சு போச்சு!" மூன்றாவது முறை அது ஒரு சத்தமாக வெளியே வந்தது. அவள் நின்றாள். கரை ஏறி வந்து தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"ஆத்தாடி! என்னய்யா இது, சாரப்பாம்பு கணக்கா?"

"வண்டிக்கு எதுக்க ஓடிக் கொடியக் காட்டணும். எனக்கு முட்டி முடியல. வெடி வேற அங்கிட்டுப் பாலத்துல கெடக்கு."

"வெடிய எதுக்குப் பாலத்துல போட்டீக?"

நான் வண்டி வரும் திசையைக் காட்டினேன்.

"கொண்டாங்க கொடிய. எம்புட்டுத் தூரம்?"

"இருவது கம்பம். வண்டியப் பாத்தா நின்னு ஆட்டு. லைனுக்கு நடுவுல நிக்காத, ஓரத்துல நில்லு."

சேலை கட்டிய பெண் ஒருத்தி சிவப்புத் துணியை ஆட்டினால் டிரைவர் என்ன நினைப்பாரோ என்று, என் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் ரப்பர் செருப்பைக் கழற்றி என் கையில் திணித்தாள். "இது ஜல்லியில வழுக்கும். ஆடு மொளகாச் செடிக்குள்ள போயிராம பாத்துக்கங்க." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லைன் ஓரத்து மண்ணில் ஓடினாள்.

நான் நல்ல ஓட்டக்காரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழகாக ஓடுவார்கள். ராக்கு அப்படி ஓடவில்லை. மேயப் போன ஆட்டை முந்திக்கொண்டு மறிக்க ஓடுவதுபோல், உடம்பை முன்னால் சாய்த்து, ஒரே பிடியில் ஓடினாள். கொஞ்ச தூரத்தில் கானல் அவள் கால்களை மறைத்துவிட்டது. ஆரஞ்சுச் சட்டை மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல் போனது.

நான் மறுபக்கம், டப்பாவை எடுக்கப் போனேன். போனேன் என்றுதான் சொல்ல முடியும், ஓடினேன் என்று சொல்ல முடியாது. பாலத்தடியில் டப்பாவை எடுத்து இடுப்பில் மாட்டியபோது, திருச்சுழி பக்கமிருந்து வண்டியின் விசில் கேட்டது. நீளமாக, விடாமல். பிறகு நின்றது. அந்த அமைதியில் நான் பாலத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி நின்றதால் வந்த அமைதியா, வேறா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

நொண்டிக்கொண்டு திரும்பி வந்தேன். நெளிந்த இடத்தைத் தாண்டியதும் எதிரே ராக்கு நடந்து வந்தாள். முகம் செங்கல்லாக இருந்தது.

"நின்னுருச்சு. 'அங்கிட்டு நெளிஞ்சு கெடக்கு, போகாதீக'ன்னு சொல்லிட்டேன். இந்தாங்க ஒங்க சட்ட. ஆடு எங்கன?"

ஆடுகளில் பாதி மிளகாய்ச் செடிக்குள் இருந்தன. அவள் ஓடும்போது என்னிடம் ஒப்படைத்த ஒரே வேலை அதுதான். அதைச் சொல்வதற்குள் அவள் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆடுகளை நோக்கி ஓடிவிட்டாள்.

நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டி வரை போனேன். டிரைவர் வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அதுதான் என் முதல் பொய்.

இரண்டு நாளில் அந்தத் தாள் வந்தது. என் மேல்சட்டையில் இருந்த கருவி எழுதி வைத்த கணக்கு. பால்சாமி, ஆயிரத்து இருநூறு மீட்டர், ஆறரை நிமிடம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்தாக வந்து குவிந்தது. பாராட்டுச் சான்றிதழ் வரும் என்றார்கள். என் மனைவியிடம் காட்டினேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா ஓடுனீக? பஸ்ஸு கெளம்புனாக்கூட 'அடுத்ததுல போவோம்'னு நிப்பீக."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் யார் ஓடினார்கள் என்று சொன்னால், ஏன் நான் ஓடவில்லை என்று கேட்பார்கள். முட்டி என்று தப்பிக்கலாம். அப்புறம் வெடி ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்கள். அங்கே மாட்டிக்கொள்வேன். பாதுகாப்புச் சாமானைப் போட்டுவிட்டுப் போனது சாதாரணத் தப்பு இல்லை. வேலைக்கே ஆபத்து. அதனால் ராக்குவைத் தேடிப் போனேன்.

"யாருகிட்டயும் சொல்லிராதத்தா. எனக்கு வேல போயிரும்."

"எனக்கெதுக்குய்யா ஒங்க ரயிலு கத? சொல்லல, போங்க." ஆட்டை விரட்டாதே என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் டிரைவர் எழுதிய அறிக்கை வந்தது. 'ஆரஞ்சு மேல்சட்டை அணிந்த பெண் ஊழியர் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்தினார்.' எங்கள் கேங்கில் அப்போது பெண்ணே கிடையாது. விளக்கம் கேட்டார்கள். ராத்திரி முழுக்க யோசித்து எழுதினேன்: 'வெயிலின் காரணமாகத் தலையில் துண்டை முக்காடாகப் போட்டிருந்தபடியால், டிரைவர் அவர்கள் என்னைப் பெண் என்று கருதியிருக்கலாம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அப்போது எனக்கு மீசை உண்டு. சின்ன மீசை இல்லை.

மேஸ்திரி அதைப் படித்துவிட்டு, "ஏலே பால்சாமி, முக்காடு மட்டுந்தானா, கொசுவமும் வச்சுருந்தியா?" என்றார். கேங்கே சிரித்தது. நானும் சிரித்தேன். மாட்டிக்கொள்வதற்கு இது தேவலை என்று இருந்தது.

சுகந்தி மேடம் சிரிக்கவில்லை. மறுநாள் மத்தியானம், அதே இரண்டு மணிக்கு, என்னை அந்த இடத்துக்கு வரச் சொன்னார். லைன் சரி செய்யப்பட்டு நேராகக் கிடந்தது. அடுத்த வண்டிக்கு நேரமிருந்தது. மேடம் குடை பிடித்து நின்றார். கையில் போன். நாலு கம்பத்துக்கு ஒரு ஆள், தண்ணீரோடும் உப்புச் சர்க்கரைக் கரைசலோடும்.

"அண்ணே, பதினோரு மாசமா ஒங்க கருவி எழுதுனதப் பாத்தேன். ஒரு நாள்கூட நீங்க மணிக்கு அஞ்சு கிலோமீட்டரத் தாண்டல. அன்னைக்கு மட்டும் பதினொண்ணு. எப்படின்னு தெரிஞ்சுக்கணும். ஓடிக் காட்டுறீங்களா?"

நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன்.

"ஓடித்தான் ஆகணும்னு இல்லண்ணே. பதில் சொன்னாக்கூடப் போதும்."

உலகத்தில் வேறு எவனும் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டான். பதில் சொல்வதைவிட ஓடுவது சுலபம் என்று நினைத்து ஓடினேன்.

முதல் இரண்டு கம்பம் நன்றாகவே இருந்தது. மூன்றாவதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாலாவதில் யாரோ காதுக்குள் தறி ஓட்டினார்கள். மூச்சை இழுத்தால் அடுப்பு வாயில் முகத்தை வைத்து இழுப்பது மாதிரி இருந்தது. உள்ளே போகிறதே தவிர ஆறுதலாக இல்லை. ஐந்தாவதில் முட்டி இரண்டும் என்னை விட்டு விலகி, தனித்தனியாக ஓடின. ஆறாவதில் வலது பூட்ஸின் பசை இளகி, அடிப்பாகம் வாயைத் திறந்துகொண்டு ஒவ்வொரு அடிக்கும் டப் டப் என்று கை தட்டியது. அன்றைய என் ஓட்டத்துக்குக் கிடைத்த கைத்தட்டல் அது ஒன்றுதான். ஏழாவது கம்பத்தில் கரையில் சாய்ந்துவிட்டேன். சாய்ந்தேன் என்பது மரியாதைக்கு. விழுந்தேன்.

ஓடி வந்து நிழலுக்கு இழுத்துப் போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கண் தெளிந்து பார்த்தால், அதே கருவேல நிழலில் ராக்கு தன் ஆடுகளோடு நின்றுகொண்டிருந்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தாள். மேடம் அவளிடம் திரும்பினார்.

"அம்மா, அன்னைக்கு வண்டி நின்னப்ப நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"ஆமா."

"யாரு ஓடுனதுன்னு பாத்தீங்களா?"

ராக்கு என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு பூட்ஸ் வாயைப் பிளந்தபடி, மல்லாந்து கிடந்தேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இவுகதான் ஓடுனாக. மானு கணக்கா ஓடுனாக."

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கிண்டல் செய்யவில்லை. வாக்குக் கொடுத்ததற்காக, என்னைப் பார்த்துக்கொண்டே, அப்படி ஒரு பொய்யை அவ்வளவு திடமாகச் சொன்னாள். ஒன்பது வருடம் விரட்டியிருக்கிறேன் அவளை. அன்று அவள் ஆட்டைக்கூட என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. மிளகாய்த் தோட்டக்காரன் அவளை என்ன பேச்சுப் பேசினான் என்பதும் பிறகு தெரியவந்தது.

"இல்ல மேடம்" என்றேன். எழுந்து உட்கார்ந்து மறுபடி சொன்னேன். "இல்ல மேடம். ஓடுனது இவுகதான். நான் ஓடல."

"அட, சும்மா கெடங்க. வெயிலு மண்டைக்கு ஏறிருச்சும்மா இவுகளுக்கு" என்றாள் ராக்கு.

"ஏறல. வெடி எங்கிட்ட இல்ல மேடம். பாலத்துக்கு அடியில வச்சுட்டுத்தான் நடப்பேன்."

"எத்தனை நாளா?"

"அன்னைக்கு மட்டும்."

அவர் பென்சிலை எடுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கரைசலை ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் கேட்டார். "எத்தனை நாளா அண்ணே?"

"இந்த வருசம் மட்டும்."

ஒரு ஆடு கத்தியது. அவர் மூன்றாவது தடவை கேட்டபோது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"ஒன்பது கோடை மேடம். பயம்."

எல்லாவற்றையும் சொன்னேன், சித்தி மகன் உட்பட. மேடம் பார்ப்பாரே என்று அன்று டப்பாவை இடுப்பில் மாட்டியிருந்தேன். அதைக் கழற்றச் சொன்னார். அது வெயிலில் தொட முடியாமல் சுட்டது. அதை வாங்கித் தன் மடியில் வைத்து, அதன் மேலேயே தாளை விரித்து, என் வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார். இரண்டு பக்கம். நிறுத்தி நிறுத்தி, அழகான கையெழுத்தில். எழுதி முடிக்கும் வரை நான் அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் இரண்டு தாள் வந்தன. ஒன்று எனக்கு, ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம். வேலை தப்பியது. இன்னொன்று ராக்குவுக்கு, பாராட்டு. மேடத்தைப் பார்த்து, "ரொம்ப நன்றி மேடம்" என்றேன்.

"எதுக்குண்ணே? தப்புக்கும் எழுதியிருக்கேன், நல்லதுக்கும் எழுதியிருக்கேன். ஒண்ண வச்சு ஒண்ண அழிக்கல" என்றார்.

கருவி எழுதிய கணக்கு மட்டும் என் பெயரிலேயே தங்கிவிட்டது. அதைத்தான் செல்விக்குப் பாடமாகக் காட்டியிருக்கிறார்கள்.

பாராட்டு விழாவை அருப்புக்கோட்டை ஸ்டேஷனிலேயே நடத்தினார்கள். நடைமேடையில் பந்தல், இருபது நாற்காலி, பெரிய அதிகாரி ஒருவர். ராக்கு யார், என்ன செய்தாள் என்பதை நான்தான் மைக்கில் சொல்ல வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். இன்கிரிமென்ட்டோடு தண்டனை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் அது கீச்சென்று கத்தியது. "வண்டிய நிப்பாட்டுனது இவுக. நான் வெடிய விட்டுட்டு வந்துட்டேன். எனக்காக ஓடுனாக" என்று மூன்று வாக்கியம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே மேடைப் பேச்சு அதுதான்.

அதிகாரி சால்வை போட்டார். ராக்கு அதை உடனே கழற்றி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். அவர் அவள் கால்களைப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"ஏம்மா, அந்த வெயில்ல, செருப்புகூட இல்லாம, எப்படிம்மா ஓடினீங்க? கால் சுடலையா?"

அவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல் ராக்கு அவரைப் பார்த்தாள்.

"நின்னாத்தான சார் சுடும்?"

எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையில், பந்தல் நிழலில், புது பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றிருந்த நான் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.